ஏழு நாள் பசை

எங்கள் வீட்டில் எனக்கென்று ஒரு ராஜ்யம் உண்டு. நீளம் ஒன்றரை அடி, அகலம் ஒன்றரை அடி. எங்கள் வெள்ளை மாருதியின் டிரைவர் சீட். மற்றபடி சேலையூர் வீடு, ரேடியோ, என் சட்டையின் நிறம் எல்லாம் என் மனைவி பியூலாவின் ஆட்சியில் அடக்கம். அவள் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர். வகுப்பில் ஒரு குரல், வீட்டில் ஒரு குரல் என்று அவள் வைத்துக்கொள்ளவில்லை. ஒரே குரல்தான். நானும் கையைக் கட்டிக்கொண்டுதான் கேட்பேன்.

தொண்ணூற்று நாலு மே மாதம், ஒரு சனிக்கிழமை காலை, என் ராஜ்யத்துக்கு ஆபத்து வந்தது.

"ஏங்க, லீவு விட்டாச்சு. எல்.எல்.ஆர். எடுத்தும் ரெண்டு மாசம் ஆகப்போகுது. திங்கக்கிழமையிலிருந்து எனக்குக் கார் கத்துக் கொடுங்க."

இரண்டு வருஷமாகத் தட்டிக் கழித்து வந்தவன் நான். மழைக்காலம் என்றேன். கிளட்ச் இறுக்கம் என்றேன். தவக்காலத்தில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். ஈஸ்டரும் வந்து போய்விட்டது. 

உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்குப் பயம். ஜி.எஸ்.டி. ரோட்டில் நான் முப்பதைத் தாண்டியதில்லை. பின்னால் லாரி ஹாரன் அடித்தால் ஓரங்கட்டி நிறுத்திவிடுவேன். அது செங்கல்பட்டு போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்பிக்கை வந்த பிறகுதான் கிளம்புவேன். பியூலா எதைத் தொட்டாலும் என்னைவிட நன்றாகச் செய்வாள். கார் ஓட்டக் கற்றுக்கொண்டால் அப்புறம் நான் ஏது, என் ராஜ்யம் ஏது?

"பார்க்கலாம் பியூலா" என்று சொல்லிவிட்டு வெளியே நழுவினேன். எனக்கு அன்று வேறு அவசரம் இருந்தது. மூன்று மாதமாகக் கனவில் வந்த சாமானை வாங்கும் நாள் அது.

ஸ்பாய்லர். காருக்குப் பின்னால், கண்ணாடிக்கு மேலே மாட்டுகிற இறக்கை. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு சேட்டு கடையில் வெள்ளை ஃபைபரில் பளபளவென்று தொங்கியது. கூடவே அதை ஒட்டுவதற்கு இரண்டு ட்யூப் பசை. மின்சார ரயிலில் அதைப் பிள்ளைமாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர் "ஊஞ்சல் பலகையா சார்?" என்றார். அவரை மன்னித்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

சாயங்காலம் ஐந்து மணிக்கு வேலை ஆரம்பம். பக்கத்து வீட்டு ஏகநாதன் உதவிக்கு வந்தார். முப்பது வருஷம் பஸ் ஓட்டி ரிட்டயரானவர். நான் இரண்டு ட்யூபையும் பிதுக்கிக் குழைத்துக் கொடுக்க, அவர் இறக்கையைப் பிடித்துக்கொண்டார்.

"இது இன்னாத்துக்கு தேவானந்தம் சார்?"

"ஸ்பீடா போறப்ப காத்து வண்டியை மேல தூக்கும். இது அமுக்கிப் பிடிக்கும்."

"நீங்க போற ஸ்பீடுக்குக் காத்து உங்கள முந்திகினு பூடும் சார்."

ஒட்டி, அமுக்கி, மேலே டேப்பும் சுற்றியாகிவிட்டது. தள்ளி நின்று பார்த்தேன். மாருதி எழும்பிப் பறக்கத் தயாராக நின்றது. எனக்குப் புல்லரித்தது. 

அப்போதுதான் ட்யூபில் இருந்ததைப் படித்தேன். இருபத்துநாலு மணி நேரம் வண்டியை அசைக்கக் கூடாதாம். பளிச்சென்று எனக்கு ஒரு யோசனை வந்தது. என் வாழ்க்கையிலேயே சிறந்த யோசனை.

"பியூலா, ஒரு சின்ன சிக்கல். பசை காய ஏழு நாள் ஆகும். அதுவரைக்கும் வண்டி அசையக் கூடாது."

"ஏழு நாளா?"

"முழுசா ஏழு நாள். கதவைக்கூடத் திறக்கக் கூடாது. திங்கக்கிழமை பாடம்... அடுத்த லீவுல பார்த்துக்கலாம்."

அவள் காலி ட்யூபைக் கையில் எடுத்தாள். மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"சரிங்க. அப்ப நீங்களும் தொடக் கூடாது."

"நானா?"

"உங்களுக்குத்தான் ஆசை தாங்காது. சாவி என் பீரோவுல இருக்கட்டும். ஏழு நாள் கழிச்சு வாங்கிக்குங்க."

இவ்வளவு சுலபமாக முடிந்ததே என்ற குஷியில் சாவியைக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் சர்ச்சுக்கு நடந்தே போனோம். திங்கட்கிழமையிலிருந்து நான் ஸ்டேஷனுக்கும் நடந்தேன். பசை காய்ந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். ஆனால் எனக்குத் தெரியும் என்று சொல்ல முடியாது. சொந்தப் பொய்க்குப் பயந்து வெயிலில் நடப்பது என்ன வேதனை என்று நடந்தவனுக்குத்தான் புரியும்.

ஆனால் சாயங்காலங்கள் சொர்க்கம். ஆபீஸ் பையைக்கூட வைக்காமல் நேரே ஸ்பாய்லரிடம் போவேன். மோந்து பார்ப்பேன். ஸ்கேல் வைத்து இரண்டு பக்கமும் அளப்பேன். ஒரு நூல்கூட நகரவில்லை.

செவ்வாய்க்கிழமை பானெட்டில் கை வைத்தால் சுட்டது.

"மே மாச வெயில்" என்றாள் பியூலா.

புதன்கிழமை டயரில் சேறு.

"தண்ணி லாரி வந்துச்சு. ஒரே சகதி."

வியாழக்கிழமை வண்டி ஒரு சாண் தள்ளி நின்றதுபோல் இருந்தது.

"பூமியே சுத்துதுங்க. உங்க வண்டி மட்டும் அப்படியே நிக்குமா?"

டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் மறுபடி ஸ்கேலை எடுத்தேன். 

சனிக்கிழமை வந்தது. ஏழாம் நாள். சரியாக ஐந்து மணிக்கு டேப்பை உரித்தேன். ஸ்பாய்லர் மின்னியது. மறைமலை நகர் வரைக்கும் ஒரு ரவுண்டு என்று முடிவு செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டேன். தெருவில் நாலு பேர் வேடிக்கை பார்க்க நின்றார்கள். பியூலா சாவியைக் கொடுத்தாள். கதவைத் திறந்து ராஜ்யத்தில் உட்கார்ந்தேன்.

உட்கார முடியவில்லை. முழங்கால் இரண்டும் ஸ்டீயரிங்கில் மாட்டிக்கொண்டன. சீட் ஒரு முழம் முன்னால் இருந்தது. கண்ணாடியில் பார்த்தால் என் சட்டைப் பொத்தான் தெரிந்தது.

"சீட்டை யார் நகர்த்தினது?"

ஏகநாதன் ஜன்னல் வழியே குனிந்தார். "அது டீச்சர் செட்டிங்கு சார்."

பியூலா கைப்பையைத் திறந்தாள். முதலில் காலி ட்யூப் வந்தது. அடுத்து ஆர்.டி.ஓ. ஆபீஸ் முத்திரை குத்திய ஒரு காகிதம் வந்தது.

"இருபத்துநாலு மணி நேரம்னு ட்யூப்லயே போட்டிருக்கு. கெமிஸ்ட்ரி டீச்சர்கிட்டயா பசையைப் பத்திக் கதை விடுவீங்க? நேத்து டெஸ்ட். பாஸ்."

"ஏகநாதன், நீங்களுமா?"

"அஞ்சு நாளும் மாடம்பாக்கம் பக்கம்தான் சுத்திகினு இருந்தோம் சார். சும்மா சொல்லக் கூடாது, ரிவர்ஸ் எடுக்கிறாங்க பாருங்க, நானே பயந்துட்டேன்."

"அஞ்சு நாள்ல எவளாவது எட்டு போடுவாளா?" என்று கத்தினேன். முழங்கால் மாட்டிய நிலையில் கத்தினால் கெஞ்சுவதுபோல்தான் கேட்கிறது.

"வானம் பூமி எல்லாம் உண்டாக்கவே ஆறு நாள்தாங்க ஆச்சு. ஒரு எட்டு போட முடியாதா? இன்னிக்கு ஏழாம் நாள். நீங்க ஓய்வெடுங்க."

"அப்ப முன் சீட்ல உட்கார்றேன்."

"வேணாம். லாரியைப் பார்த்தா என் கையைப் பிடிப்பீங்க. பின்னாடி போங்க."

கிளம்பினாள். பெருங்களத்தூர் தாண்டியதும் முள் அறுபதைத் தொட்டது. ஒரு லாரி எங்களுக்கு ஒதுங்கி வழிவிட்டது. காற்று ஓவென்று அமுக்கியது. வண்டி தரையைக் கவ்விப் பிடித்து ஓடியது. நான் சொன்னது அத்தனையும் உண்மை. என் ஸ்பாய்லர் வேலை செய்தது.

அதற்கு ஒரு சாண் முன்னால், வேலை ஒன்றுமில்லாமல், நான்.