சம்பந்தி வந்து தங்கிய அறை

விருந்தாளியை வசதியாகத் தங்க வைக்கிறேன் என்று கிளம்புகிறவனிடம் ஒரு சுத்தியலோ திருப்புளியோ கொடுக்கக் கூடாது. கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு, சேலையூரில் இருக்கும் எங்கள் வீட்டுப் பின்னறையே சாட்சி.

ஏழெட்டு வருடங்களுக்கு முன்பு என் தங்கை கிரேஸுக்குச் சிறுசேரியில் கூட வேலை பார்த்த ஒரு பையனைப் பிடித்துப்போனது. பையனுக்கும் பிடித்திருந்தது. எங்கள் வீட்டில் சரி என்றார்கள். பையனின் அம்மா மட்டும் திருச்சியில் உட்கார்ந்துகொண்டு சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. குரோம்பேட்டையில் ஒரு சொந்தக்காரக் கல்யாணத்துக்கு ஞாயிறு சாயங்காலமே வருவதாகவும், எங்கள் வீட்டில் ஒரு ராத்திரி தங்கிப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகவும் செய்தி வந்தது. (பையன் நாலு பேரோடு ஒரே அறையில் குடியிருந்தான். அங்கே அவன் படுப்பதே கஷ்டம்.)

இதற்கு முன்பு அந்த அம்மா வேளச்சேரியில் ஒரு பெண் வீட்டில் இதே போலத் தங்கினாராம். கொசு. காலையில் காபியைச் சிரித்துக்கொண்டே குடித்துவிட்டு, ஊருக்குப் போய் 'வேண்டாம்' என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். இதைக் கேட்டதும், அவர்கள் தங்கும் அறையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். கிரேஸ் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள்.

"அண்ணா, ரூமை நீ பாத்துக்கிறேன்னு சொல்லியிருக்க. உன்னைத்தான் நம்பியிருக்கேன்."

அதன் பிறகு எனக்குத் தூக்கம் ஏது?

பின்னறை அதுவரை சாமான் அறை. பழைய கிரைண்டர், கிறிஸ்துமஸ் குடில் பெட்டி, அப்பா எடைக்குப் போடவே விடாத ஒரு சைக்கிள் எல்லாம் அங்கேதான் குடியிருந்தன. எல்லாவற்றையும் மொட்டை மாடிக்குக் கடத்தினேன். சுண்ணாம்பு அடித்தேன், ஏசி மாட்டினேன், மெத்தை வாங்கினேன், ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தேன். கம்பெனிச் செலவில் ஒரே ஒரு முறை நல்ல ஓட்டலில் தங்கியிருந்ததால், வீட்டிலேயே இந்த விஷயத்தில் நான்தான் விற்பன்னன் என்ற நினைப்பு. துண்டைக்கூட அன்னப்பறவை மாதிரி மடிக்கப் பார்த்தேன். அது கழுத்து சுளுக்கிய வாத்து மாதிரி வந்தது.

மிச்சமிருந்தது கதவு. சாமான் அறை என்பதால் வெளியே மட்டும்தான் தாழ்ப்பாள். உள்ளே இன்னொன்று போட்டால் போதும் என்றார் அம்மா. நான் விடவில்லை. ஓட்டலில் இருப்பது போன்ற பூட்டுதான் வேண்டும் என்று சனிக்கிழமை சாயங்காலம் ஒரு தச்சரைப் பிடித்து வந்தேன். அவர் மாட்டி முடித்துக் கதவை இழுத்துக் காட்டினார். 'க்ளிக்' என்றது.

"இழுத்தா தானா லாக் ஆயிடும் சார். இன்னா ஒரு சவுரியம் பாரு, பேஜாரே கெடையாது."

எனக்குப் புல்லரித்தது. இரண்டு சாவிகளையும் சிவப்பு ரிப்பனில் கட்டித் தலையணை மேல் வைத்தேன். உங்கள் அறை, உங்கள் சாவி என்று அவர்களுக்கு ஒரு மரியாதை.

ஞாயிறு சாயங்காலம் தாம்பரம் ஸ்டேஷனில் இருந்து பையனின் அப்பா அம்மா இருவரையும் நானே அழைத்து வந்தேன். பெட்டிகளை ஓடிப்போய் அறைக்குள் வைத்தேன். ஏசியை மதியமே போட்டிருந்ததால் அறை சில்லென்று இருந்தது. பையனின் அம்மா மெத்தையை அழுத்திப் பார்த்தார், ஜன்னல் வலையைத் தொட்டுப் பார்த்தார். "நல்லா இருக்குப்பா" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர்கள் காபி குடிக்க ஹாலுக்கு வந்தார்கள். குளிர் வெளியே போகக் கூடாது, கொசு உள்ளே போகக் கூடாது என்று நான் கதவை இழுத்துச் சாத்தினேன்.

க்ளிக்.

அந்தச் சத்தத்தை நான் முதுகுத்தண்டில் கேட்டேன். கைப்பிடியைத் திருகினேன். பிறகு மெதுவாகத் திருகினேன், கெஞ்சுவது போலத் திருகினேன். ஹாலில் பையனின் அப்பா, மாத்திரை எடுக்க வேண்டும், பெட்டி எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் ஓடினேன். ஏசிக்காக ஜன்னலையும் நான்தான் உள்ளே கொக்கி போட்டு மூடியிருந்தேன். கண்ணாடி வழியாகப் பார்த்தால், தலையணை மேல் சிவப்பு ரிப்பனோடு இரண்டு சாவிகள். திரும்பினால் பின்னாலேயே அம்மா, அப்பா, கிரேஸ், பையனின் அப்பா, அம்மா எல்லோரும் நின்றார்கள். ஐந்து பேரும் மாறி மாறி எட்டிப் பார்த்தார்கள். கிரேஸ் என்னைப் பார்க்கவே இல்லை. அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

தச்சரின் போன் அணைந்திருந்தது. அப்பா கடப்பாரையைத் தேடிக்கொண்டு போனார். அப்போதுதான் பையனின் அம்மா வாயைத் திறந்தார்.

"உடைக்கிறதெல்லாம் வேண்டாம் சார். நல்ல காரியம் பேச வந்த வீட்ல கதவை உடைச்சாங்கன்னு பேச்சு வரக் கூடாது. கண்ணாடியையும் தொடாதீங்க."

நல்ல காரியம் என்கிறாரே என்று சந்தோஷப்படுவதா, பேச்சு வரக் கூடாது என்கிறாரே என்று பயப்படுவதா? நான் இரண்டையும் சேர்த்துச் செய்தேன். வேளச்சேரியில் வெறும் கொசுவுக்கே சம்பந்தம் போனது. இங்கே மாற்றுத்துணி, மாத்திரை, மறுநாள் கட்ட வேண்டிய பட்டுப்புடவை எல்லாமே போயிருந்தன.

மாத்திரை பக்கத்து மருந்துக்கடையில் கிடைத்தது. பையனின் அப்பா என் லுங்கியில் இருந்தார். பையனின் அம்மா என் அம்மாவின் நைட்டியில் இருந்தார். ஹாலில் எல்லோருக்கும் பாய். காலையில் எழுந்து பார்த்தால், பையனின் அப்பா தன் பாயைப் பின்னறைக் கதவோரம் இழுத்துப் போட்டு, அடியில் கசிகிற ஏசிக் காற்றுக்கு நேராக முகத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

பையனின் அம்மா அதற்கு முன்பே எழுந்து, என் அம்மாவோடு பீரோ முன்னால் உட்கார்ந்திருந்தார். ரயிலில் போட்டு வந்த மெரூன் ரவிக்கைதான் அவரிடம் இருந்தது. அதற்குப் பொருந்துகிற புடவை வேண்டும். அம்மா ஒவ்வொன்றாக எடுத்துப்போட, அவர் தோளில் வைத்துப் பார்க்க, அறைக்கதவு ஒருக்களித்திருந்தது. பேச்சு தாழ்ந்த குரலில் நடந்தது. நான் பல் தேய்க்கிற சாக்கில் அந்தப் பக்கமே நடந்தேன். ஒன்றும் காதில் விழவில்லை. கடைசியில் அம்மாவின் பொன்வண்டுப் பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. காபியைச் சிரித்துக்கொண்டே குடித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு வேளச்சேரிதான் ஞாபகம் வந்தது.

"நீங்களும் கல்யாணத்துக்கு வாங்க டீச்சர்" என்று பள்ளி ஆசிரியையான என் அம்மாவையும் கிளப்பினார். குரோம்பேட்டை மண்டபத்தில் நான் அவர்கள் பின்னால், தண்டனைக்குக் காத்திருக்கிறவன் போல நின்றேன். மேடைக்குப் போகிற வரிசையில் ஒரு சொந்தக்கார அம்மாள் பச்சைப் பட்டைத் தொட்டுப் பார்த்து, புதுசா என்று கேட்டார்.

பையனின் அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"இல்லக்கா. எங்க சம்பந்தியம்மாவோடது."

அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெளியே ஓடிவந்து, ஜி.எஸ்.டி. சாலைச் சத்தத்துக்கு நடுவில் கிரேஸுக்குப் போன் செய்தேன். எதிர்முனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. மதியம் தச்சர் வந்து நிமிஷத்தில் கதவைத் திறந்துவிட்டுப் போனார். உள்ளே மெத்தையில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

கிரேஸுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். எங்கள் உறவில் எந்தச் சம்பந்தம் பிடி கொடுக்காமல் இழுத்துக்கொண்டே போனாலும், யாராவது ஒருவர் என் பெயரைச் சொல்லி ஆரம்பித்துவிடுவார்: "சாமைக் கூப்பிடுங்க. பெட்டியை உள்ள வச்சு ஒரு தடவை கதவைச் சாத்தட்டும்." போன மாதம் பெரியப்பா மகளைப் பார்க்க மதுரையில் இருந்து ஆட்கள் வந்தபோது, பெரியம்மா நிஜமாகவே போன் செய்து என்னை வரச் சொன்னார். போனேன்.