கடைசிச் சொல்லும் எனக்கே

தனி ஆல்பம் போடுவதென்று முடிவெடுத்தேன். எல்லாப் பாட்டிலும் ஒரே குரல். என் குரல். முதல் சொல் எனக்கு. கடைசிச் சொல்லும் எனக்கே.

காரணம் என் மச்சான் மு-யோங்.

எங்கள் யோங்தோ தீவில் கொஞ்சம் வயதானவர்களாகப் பார்த்து, 'உப்புக்காற்று' என்ற ராப் இரட்டையரைத் தெரியுமா என்று கேளுங்கள். "ஞாபகம் இல்லையே" என்பார்கள். இளைஞர்களைக் கேட்டுவிடாதீர்கள். சிரிப்பார்கள். அந்த இரட்டையரில் ஒருவன் எம்சி நங்கூரம், அதாவது நான். இன்னொருவன் எம்சி துரு. கப்பல் பட்டறையில் துரு சுரண்டும் வேலை பார்த்ததால் மு-யோங்குக்கு அந்தப் பெயர். பிறகு அவன் தங்கை ரான்-ஹீயை நான் கல்யாணம் செய்துகொண்டேன். நண்பன் மச்சான் ஆனான். நங்கூரம் மலைப்பாதையில் பஸ் ஓட்டப் போனான். துரு துருவோடேயே இருந்துவிட்டான்.

ஒரு உறவுக்காரக் கல்யாணத்தில் யாரோ அவன் கையில் மைக்கைக் கொடுத்துத் தொலைத்தார்கள். மச்சான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னான்: "உண்மையச் சொல்லணும்னா உப்புக்காத்துல ராப் பாடினது நான்தான். என் மாப்ள வரிக்கு வரி கடைசிச் சொல்ல மட்டும் கூடச் சேர்ந்து கத்துவாரு."

மண்டபமே சிரித்தது. வாய் நிறைய அரிசிப் பலகாரத்தை வைத்துக்கொண்டு என் மனைவியும் சிரித்தாள். அவளுக்குப் புரையேற, முதுகைத் தட்டிவிட்டவன் நான்தான்.

அன்றோடு பேச்சை முறித்துக்கொண்டேன். அவன் வருகிற விசேஷத்துக்கு நான் போவதில்லை. நான் போகிற விசேஷத்துக்கு அவன் வருவதில்லை. கோபம் ஊறி ஊறி, இந்த வருஷம் வசந்தத்தில் தனி ஆல்பமாக வெளியே வந்தது.

ரான்-ஹீ மார்க்கெட்டில் தொடுகறிக் கடை வைத்திருக்கிறாள். கீரையை வேகவைத்துப் பிழிந்துகொண்டிருந்தபோது விஷயத்தை உடைத்தேன்.

"ரான்-ஹீ, நான் தனி ஆல்பம் போடப்போறேன்."

"போடுங்க. பழைய போட்டோவெல்லாம் அட்டைப்பெட்டியில பூச்சி அரிக்குது."

"போட்டோ ஆல்பம் இல்ல. ராப் ஆல்பம்!"

"யாரு பாடுறா?"

"நான்தான்."

"கூட யாரு?"

"கூட யாரும் இல்ல. அதுக்குப் பேர்தான் தனி."

"ஆல்பத்துக்கு என்ன பேரு?"

"'கடைசிச் சொல்லும் எனக்கே.'"

கீரையை ஒரு பிழி பிழிந்தாள். "கற்பனைக் கதையா, சோதம் அப்பா?"

சோதம் எங்கள் மகள். தேகு நகரத்தில் வேலை பார்க்கிறாள். பெண் வெளியூர் போன பிறகும் பெயர் என்னைவிட்டுப் போகவில்லை.

"நீ என்ன சொன்னாலும் பாடத்தான் போறேன்," என்று மார்பை நிமிர்த்தினேன்.

"பாடுங்க, யாரு வேணாம்னா? நங்கூரம்னு பேரு வெச்சுக்கிட்டு சோபாவிலேயே இறங்கிக் கிடக்கறீங்க. எழுந்து எங்கேயாச்சும் போனா நல்லதுதான். எங்க பதிவு பண்றீங்க?"

"யோம் இருக்கானே, பொதுக் குளியலறைக்குக் கீழ ஸ்டுடியோ வெச்சிருக்கான். அங்கதான்."

"நல்ல பையன். நம்ம கடைத் தாமரைக்கிழங்குன்னா உயிரையே விடுவான்."

எதிர்ப்பாள் என்று பதில்களெல்லாம் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். ஒன்றுக்கும் வேலையில்லை. இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவனுக்கு அங்கேயே ஏதோ வாடை அடித்திருக்க வேண்டும். எனக்கு நல்லெண்ணெய் வாடைதான் அடித்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பதிவு. மேலே குளியலறையில் தொட்டி நீரைத் திறந்துவிட்டால் கீழே பாட்டை நிறுத்த வேண்டும். குழாய்களில் தண்ணீர் கடகடவென்று ஓடி முடியும்வரை காத்திருப்போம். "இந்தக் குழாய்க்குத் தாளம் நல்லா வருதுண்ணே," என்பான் யோம். எனக்கு வருகிறதா என்று அவன் சொன்னதில்லை.

முதல் பாட்டு பாலத்தைப் பற்றி. மைக்குக்கு முன்னால் கண்ணை மூடினேன். அவ்வளவுதான், தீவின் பாலத்தடிக்கே போய்விட்டேன்.

இப்போது பாலத்தின் ஒரு பகுதியை இயந்திரம் வைத்துத் தூக்கிக் காட்டுகிறார்கள், கூட்டம் கூடிப் படம் எடுக்கிறது. நாங்கள் பாடிய காலத்தில் அது அசையவே அசையாது. பட்டறை விட்டதும் மு-யோங் துருத் தூசியோடு அப்படியே ஓடி வருவான். தெருவைப் பெருக்கும் அளவுக்குத் தொளதொளத்த கால்சட்டை போட்டிருப்போம். ஒரே தொப்பியை மாற்றி மாற்றி அணிந்துகொள்வோம். பாலத்துக்கு அடியில் நின்று கத்தினால் குரல் இரட்டிப்பாகத் திரும்பி வரும். ஆயிரம் பேர் கூடப் பாடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வோம். ஒரே ஆள்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் குடிக்கிறானா என்று பார்த்து வரும்படி அம்மா அனுப்பிய தங்கை. மடியில் டேப் ரெக்கார்டர். "ம், ஆரம்பிங்க," என்று சிவப்புப் பொத்தானை அழுத்துவாள். மு-யோங்குக்கு மூச்சு முட்டினால் அடுத்த சொல்லை நான் பிடித்துக்கொள்வேன். எனக்கு முட்டினால் அவன். மீன் படகுகள் போகும்போது படகுக்காரர்கள் எங்களைத் திட்டுவார்கள். அந்தத் திட்டும் கேசட்டில் ஏறிவிடும். அதை அழிக்கவே மாட்டாள்.

கண்ணைத் திறந்தேன். பாடினேன்.

"பாலத்துக்குக் கீழ நின்னு பாட்டுக் கட்டின..."

மூச்சு நின்றது.

"பாட்டுக்கெல்லாம் கூரையாக நின்னதந்தப்..."

மறுபடியும் நின்றது.

யோம் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தான். "அண்ணே, கடைசிச் சொல் காத்துல போயிடுது."

"மறுபடி எடு."

மறுபடி எடுத்தான். மறுபடியும் போனது. தனி ஆளாகப் பாடும்போது மூச்சுவிட இடமே இல்லையென்று அன்றுதான் தெரிந்தது. எந்தச் சொல்லுக்காகச் சபதம் போட்டேனோ அந்தச் சொல்தான் வரவில்லை.

"அந்தச் சொல்ல விட்டுட்டுப் பாடுங்கண்ணே. நான் சரி பண்ணிடறேன்."

"எப்படிடா?"

"இப்பல்லாம் எதுக்கும் வழி இருக்குண்ணே," என்று தாமரைக்கிழங்கை மென்றான்.

கம்ப்யூட்டர் செய்யாத வித்தை உண்டா? நம்பினேன். கோடை முழுக்க வால் இல்லாத வரிகளைப் பாடித் தள்ளினேன்.

வீட்டில் ரான்-ஹீ தினமும் விசாரிப்பாள்.

"பாட்டு எப்படிப் போகுது?"

"சிங்கம் மாதிரி."

"மூச்சு?"

"மூச்சுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. சிங்கத்துக்கும் வயசாகுமேன்னு கேட்டேன்."

நவம்பரில் ஆல்பம் வந்தது. ஞாயிறு காலை, ரான்-ஹீயின் கடையிலேயே முதல் தடவை கேட்பதாக ஏற்பாடு. அவள்தான் நாள் குறித்தாள். யோம் பெட்டியோடு வந்தான். உறையில் பாலத்தைப் பார்த்தபடி நான், கறுப்புக் கண்ணாடியோடு. "தலைமுடி கொஞ்சம் சேர்த்திருக்காங்க," என்றாள் ரான்-ஹீ. ஷட்டரைப் பாதி இறக்கினோம். யோம் பாட்டைப் போட்டான்.

"பாலத்துக்குக் கீழ நின்னு பாட்டுக் கட்டின..."

"காலம்!"

என் குரல் இல்லை. கம்ப்யூட்டரும் இல்லை. கரகரத்த, இரும்புத்தூள் படிந்த குரல்.

"பாட்டுக்கெல்லாம் கூரையாக நின்னதந்தப்..."

"பாலம்!"

மு-யோங்!

ஒவ்வொரு வரியின் வாலிலும் உட்கார்ந்திருந்தான். "நிறுத்துடா!" என்று கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் அடுத்த வரி வந்துவிட்டது. அந்தக் குரலுக்கும் வயதாகியிருந்தது. ஆனால் சொல்லை எட்டிப் பிடித்த விதம் அப்படியே இருந்தது. நான் விழப்போகும் இடம் அவனுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. கையில் ஏதோ ஈரம் பட்டது. கீரைத் தண்ணீர் என்று சொல்லிக்கொண்டேன். அன்று கடையில் கீரை இல்லை.

பாட்டு முடியும்போது ஷட்டருக்கு அடியில் குனிந்து உள்ளே வந்தான் மச்சான். தோளில் உப்பு மூட்டை. என்னைப் பார்த்தும் இறக்கவில்லை.

"மாப்ள..."

"என் தனி ஆல்பத்துல உனக்கென்னடா வேல?"

"நீதானே கூப்பிட்டே?"

"நானா?"

"தூக்கத்துல என் பேரைச் சொல்லி அழறியாமே. நேர்ல கேக்க வெக்கப்படறியாம். ரான்-ஹீ சொன்னா. மனசு கேக்கல, யோம்கிட்ட போய்ப் பாடிட்டு வந்தேன்."

"நான் அழுதேனா?"

"அழலியா?"

யோம் கூரையைப் பார்த்தான். நாங்கள் இருவரும் ரான்-ஹீயைப் பார்த்தோம். அவள் ஏப்ரன் நாடாவை முடிந்துகொண்டிருந்தாள்.

"மூட்டையை இறக்குண்ணே, தோள் வலிக்கப்போகுது," என்றாள்.

இறக்கினான். இறக்கிய கையை எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை. என் தோள் பக்கத்தில் இருந்தது, அதில் வைத்தான்.

"அந்தக் கல்யாணத்துல..." என்று ஆரம்பித்தான்.

"விடு மச்சான். இப்ப யாரு கடைசிச் சொல்லைக் கத்தறதுன்னு ஊரே கேக்கட்டும்."

"அதுக்காகவாச்சும் ஒருத்தன் வாங்குவானாடா?" என்று சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. பாலத்தடியில் சிரித்த அதே சிரிப்பு. இந்தத் தடவை முட்டி மட்டும் வலித்தது.

உருகிப்போனேன். ரான்-ஹீயின் கையைப் பிடித்துக்கொண்டேன். "எங்க ரெண்டு பேரையும் சேர்த்து வெக்கத்தான் வசந்தத்துலேர்ந்து இத்தனை பாடுபட்டியா?"

"நீங்க சேர்ந்தா என்ன, பிரிஞ்சா என்ன? அண்ணன் வந்தா நீங்க வர்றதில்ல, நீங்க இருந்தா அண்ணன் வர்றதில்ல. குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போடுற நேரத்துக்கு எனக்கு வருஷா வருஷம் ஒரே ஜோடிக் கைதான் மிஞ்சுது. இந்த வருஷம் மார்க்கெட்டு முழுக்க என்கிட்டதான் ஆர்டர் கொடுத்திருக்கு."

"அப்ப நான் அழுதேன்னு சொன்னது?"

"பொய்தான். இன்னும் கொஞ்ச நேரத்துல உண்மையாயிடும். வெங்காயம் உள்ள இருக்கு."

அன்று சாயங்காலமே எங்கள் முதல் கச்சேரி நடந்தது: இளஞ்சிவப்பு ரப்பர் கையுறையோடு நாங்கள் இருவர், எதிரே ஒரு லாரி முட்டைக்கோஸ். ஒன்றுகூடக் கை தட்டவில்லை.