நாலடி மேஸ்திரியும் எண்ணூர்க் கொட்டகையும்

உலகத்தில் உள்ள சகல சாமானையும் நாலடிப் பலகையால் செய்துவிடலாம் என்று நம்பியவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். ராயபுரத்தில் நான் குமாஸ்தாவாக இருந்த கப்பல் சரக்குக் கம்பெனியில் பெட்டி அடிக்கும் தச்சர். சுதந்திரம் வந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்த சமயம். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்றபடி துறைமுகம் பூராவுக்கும் அவர் நாலடி மேஸ்திரி.

எவ்வளவு நீளப் பலகை வந்தாலும் நாலடிக்கு நறுக்கிவிடுவார். இரண்டு முனையிலும் அளந்து ஒரே இடத்தில் ஓட்டை போட்டு, போல்ட்டால் முடுக்குவார். ஆணி என்றாலே முகம் சுளிப்பார். "ஆணி அட்ச்சா அதோட சரி நைனா. போல்ட்டுன்னா இன்னிக்கு பொட்டி, நாளைக்கு பெஞ்சி."

கம்பெனியோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. கழித்துப்போட்ட பலகையில் தன் தெருவுக்கே சாமான் செய்து கொடுத்தார். கட்டிலுக்கு நாலடி போதாது. ஆகவே இரண்டு நாலடி. மீன் விற்கும் அஞ்சலையின் வீடு மொத்தமே ஏழடி. மிச்ச ஒரு அடிக் கட்டில் வாசல் வழியே தெருவுக்கு நீட்டிக்கொண்டிருக்கும். போகிறவர் வருகிறவர் எல்லாம் முழங்காலை இடித்துக்கொள்வார்கள். கதவுகளும் நாலடிதான், மேல் பாதி ஆகாயத்துக்குத் திறந்தது. திருடன் வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "நம்ம தெருவுல ஆடுதான் வரும். ஆடு நாலடி தாண்டாது" என்றார்.

அந்த வருஷம் கம்பெனிக்கு எண்ணூர்ப் பக்கம் ஒரு தோப்பு குத்தகைக்குக் கிடைத்தது. யாரும் நட்டதில்லை, நாவலும் புங்கையும் வேம்பும் தாமாகவே முளைத்துக் காடாக நின்றன. அங்கே சிப்பந்திகள் ஓய்வெடுக்க ஒரு 'பெவிலியன்' கட்டவேண்டும் என்பது மானேஜரின் ஆசை. பதினெட்டு மரத்தை வெட்டிவிட்டுச் செங்கல் கட்டடம் எழுப்ப காண்ட்ராக்டரும் தயார். வெட்டப்போகும் மரம் பெட்டிக்கு ஆகுமா என்று பார்த்து வர மேஸ்திரியையும் என்னையும் மானேஜர் அனுப்பினார்.

மேஸ்திரி போய் அரை நாள் மரங்களுக்கு நடுவே சும்மா நின்றார். திரும்பி வந்து மானேஜரிடம், "பொட்டிக்கு ஆவாது சார். கொட்டா நான் போட்டுத் தர்றேன், ஒரு மரத்தையும் தொட வாணாம்" என்றார். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "மேஸ்திரி செய்துவிடுவார் சார்" என்று ஒத்து ஊதினேன். மானேஜர் சிரித்தார். அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்கத்தாவிலிருந்து டைரக்டர் வருகிறார், அதற்குள் அது நிற்கவேண்டும், நிற்காவிட்டால் திங்கட்கிழமை கோடாலி என்றார்.

மேஸ்திரி வரைந்த பிளானை நான் பார்த்திருக்கிறேன். பிளான் என்பதே அவர் நடைதான். நாலடிப் பலகை ஒன்றை நெஞ்சுக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு ஒரு வாரம் தோப்பு முழுக்க நடந்தார். பலகை உரசிய மரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு. மீன் பிடிக்க வந்த ஒருவர் பொறுக்கமாட்டாமல் கேட்டார்:

"இன்னாபா, பலகைய புட்ச்சிகினு மரத்த சுத்திகினு கீறே?"

"மரத்துக்கு நடுவால வயி கீதான்னு அதுங்களையே கேட்டுகினு கீறேன்."

வழி இருந்தது. நாலடிச் சதுரங்கள் பன்னிரண்டு, ஒன்றோடொன்று மாட்டி, மரங்களுக்கு இடையே வளைந்து வளைந்து போகும் கொட்டகை. வேரைத் தோண்டாமல் கட்டைக்கால் மேல் தரை. மேலே சரக்கு மூடும் தார்ப்பாய். கிழட்டு நாவல் மரம் ஒன்றுக்காக நடுவில் ஒரு சதுரத்தையே காலியாக விட்டிருந்தார்.

கம்பெனி ஷெட்டில் அதை மாட்டிக் காட்டினார். மானேஜரே உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார். அங்கேதான் வந்தது வினை. கழற்றியதை அப்படியே வண்டியில் ஏற்றக்கூடாதா? பெட்டி அடிக்கும் கை சும்மா இருக்குமா? பன்னிரண்டு பெட்டிகளில் வைக்கோல் திணித்து அடுக்கி, கறுப்பு மையில் நம்பர் போட்டு, டைரக்டர் வருகிற வாரம் புதன்கிழமை சாயங்காலம் ஷெட் வாசலில் வைத்தார். பக்கத்தில் ரங்கூன் போகிற எங்கள் சரக்கும் இருந்தது. வியாழக்கிழமை காலையில் இரண்டுமே இல்லை. அவ்வளவு லட்சணமாகக் கட்டிய பெட்டிகளைக் கப்பலில் ஏற்றாமல் விட்டுப்போகக் கூலியாட்களுக்கு மனசு வரவில்லை போலும். கப்பலும் கிளம்பிவிட்டது.

மேஸ்திரி காலி இடத்தைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்தார். "பதினெட்டு மரம் நைனா" என்றார். அவரைத் திட்டலாம் என்று ஓடி வந்த நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து அஞ்சலை மீன் கூடையோடு வந்தாள். கட்டிலைப் பற்றி வாரம் ஒரு தடவை அவரிடம் சண்டை பிடிக்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கூடையை இறக்கினாள்.

"என் கட்டிலு எத்தினி அடி?"

"ரெண்டு நாலடி."

"தெருவுல மத்த சாமான்லாம்?"

"அல்லாம் நாலடிதான்."

"அப்பறம் இன்னாத்துக்கு குந்திகினு கீறே? அவுத்துகினு போ."

அவிழ்த்தார்கள். கட்டில்கள், கதவுகள், டீக்கடை பெஞ்சு, ஆட்டுப்பட்டி, சவரக்கடைப் பெயர்ப்பலகை எல்லாம் கழன்று வெள்ளிக்கிழமை வண்டி ஏறின. எல்லா ஓட்டைகளும் ஒன்றுக்கொன்று பொருந்தியதைக் கண்ணால் பார்த்தேன். சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் கொட்டகை நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை டைரக்டரோடு தெருவும் வந்து இறங்கியது. படுக்க வீட்டில் ஏது கட்டில்? டைரக்டர் ஒரு பலகையில் இருந்த குங்குமப் பொட்டைக் காட்டி என்ன என்றார். தென்னிந்திய வேலைப்பாடு என்று சொல்லிவைத்தேன். நல்ல இடமாகப் பார்த்து அவர் உட்காரப் போக, அங்கிருந்த அஞ்சலை நகரவில்லை. "இது என் கட்டிலு. வோணும்னா அந்தாண்ட குந்து" என்றாள். அவரும் அந்தாண்டை போய், நாவல் மரத்தில் முதுகைச் சாய்த்து டீ குடித்தார். இரண்டாவது டீ வாங்கும்போது, இங்கே ஒரு கிளையையும் வெட்டக்கூடாது என்று மானேஜரிடம் சொன்னார். மேஸ்திரி மூஞ்சியைத் துண்டால் மூடிக்கொண்டார்.

புதுப் பலகை அறுத்து மாற்றும்வரை, ஒரு மாதம் தெருவே தரையில் படுத்தது. அஞ்சலைக்கு ஆறரை அடியில் கட்டில் செய்து தரச் சொல்லி நான் மன்றாடினேன். மறுபடியும் எட்டடிதான் வந்தது.

பிறகு ரங்கூன் ஏஜெண்டிடமிருந்து கடிதம். காகிதமே இல்லாமல் பன்னிரண்டு பெட்டி வந்ததாகவும், நம்பர் பார்த்து மாட்டியதில் தோட்டத்தில் அருமையான கொட்டகை எழும்பிவிட்டதாகவும், யாருக்கு நன்றி சொல்வது என்றும் இங்கிலீஷில் கேட்டிருந்தார். ஷெட்டுக்கு ஓடிப்போய் மேஸ்திரிக்குப் படித்துச் சொன்னேன். குதிப்பார் என்று பார்த்தால், கையிலிருந்த ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"அத்த நட்டு வெக்க மரம் எதுனா வெட்டினாங்களாமா நைனா?"

கடிதத்தை மறுபடி மேலும் கீழும் பார்த்தேன். அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

"ஒரு கிளைகூட வெட்டவில்லையாம் மேஸ்திரி" என்றேன். அந்த மனுஷன் மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.