கேரட் அண்ணனின் எக்ஸ்ரே

தாம்பரத்திலிருந்து கோவளம் வரை சல்லடை போட்டுத் தேடினாலும், முயலுக்கு மரியாதையும் முனைவருக்கு அதட்டலும் கொடுக்கிற மனிதர் கேரட் அண்ணன் ஒருவர்தான். எங்கள் ஆய்வகத்து முயல் கூண்டுகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. முயலிடம், "அம்மா, எந்திரிங்க, சாப்புடுங்க" என்பார். என்னிடம், "தள்ளு சார், காத்து வரட்டும்."

எலும்பை வளர்க்கும் புரதத்தைச் சோதித்துக்கொண்டிருந்தோம். மயக்கம் கொடுத்து, முயலின் ஒரு பின்னங்கால் எலும்பில் சிறு இடைவெளி செய்வோம். பாதி முயல்களுக்கு அந்த இடத்தில் புரதத்தில் ஊறிய பஞ்சு. மீதிக்கு வெறும் பஞ்சு. எதற்கு எது என்ற பட்டியல் எங்கள் பேராசிரியையின் பூட்டிய அலமாரியில். எக்ஸ்ரே பார்த்துக் கண்டுபிடிப்பது, ஆறு வருடம் ஆராய்ச்சி செய்த என் பொறுப்பு.

ஒரு நாள் படத்தை வெளிச்சத்தில் பிடித்து முழித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏழாம் நம்பர்தானே சார்? அது மருந்து வாங்கிகினு கீது. ஒம்போது சும்மா."

மீதிக் கூண்டுகளையும் வரிசையாகச் சொல்லிவிட்டுப் போனார். பட்டியலைத் திறந்தபோது, அவர் சொன்னதெல்லாம் சரி. நான் மூன்றில் கோட்டை விட்டிருந்தேன். பேராசிரியை அவரை எல்லார் முன்னாலும் பாராட்டினார். என்னை ஒருமுறைகூடப் பாராட்டியதில்லை. வயிறு எரிந்தது, மோர் குடித்தும் அடங்கவில்லை.

"அலமாரியைத் திறந்து பார்த்திருப்பார் மேடம்" என்று போட்டுக்கொடுத்தேன். உறுதியானால் அவர் வேலை போய்விடும். தெரிந்தேதான் சொன்னேன்.

அடுத்த முறை பேராசிரியை கூண்டு அட்டைகளைத் தானே மாற்றி மாட்டி, பட்டியலைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அண்ணனைக் கூப்பிட்டார். அவர் ஒவ்வொரு கூண்டிலும் ஒரு கேரட்டை உயரத் தூக்கிப் பிடித்தார்.

"அடிபட்ட கால ஊனி எந்திரிச்சா மருந்து. நல்ல கால்ல சாஞ்சா சும்மா. இதுக்கு இன்னாத்துக்கு மேடம் அலமாரி?"

மறுபடியும் அத்தனையும் சரி. வேலை தப்பியது. கேரட் சோதனை எங்கள் ஆய்வில் சேர்ந்தது. கேரட்டைப் பிடிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது!

போன மழையில் பள்ளிக்கரணையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டேன். கட்டைப் பிரித்த பிறகும் ஊன்றப் பயம். எலும்பு சேர்ந்துவிட்டதென்று டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டினார், நம்பவில்லை. வாரக்கணக்கில் கட்டிலிலேயே கிடந்தேன்.

கேரட் அண்ணன் வந்தார். பையிலிருந்து ஒரு கேரட்டை எடுத்து என் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

"போட்டுக்குடுத்தது நீதான்னு அப்பவே தெரியும் சார்."

நான் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

"ஐயா, எந்திரிங்க. சாப்புடுங்க."

உடைந்த காலை ஊன்றி எழுந்து, எட்டி வாங்கினேன்.