காதில் வைத்துப் பார்த்த மாதுளை

ஈஜிபுராவில் பழவண்டிக்காரர்கள் அத்தனை பேரும் பயந்த ஒரே ஆள் எங்கள் மாடிவீட்டு லிஃப்ட்டுக்காரர்தான். பெயர் என்னவென்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் லிஃப்ட்டைப் பற்றித்தான் பதில் சொல்லியிருப்பார்.

லிஃப்ட் ரிப்பேர் செய்வது அவர் வேலை. ஆனால் லிஃப்ட்டில் ஏற மாட்டார். எட்டு மாடியானாலும் படிதான். ஏன் என்று கேட்டால், "அதுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத்தானேம்மா தெரியும்" என்பார். இந்த ஆளை நம்பித்தான் ஊர் மேலே போய்க்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் மாதுளை வாங்குவதைப் பார்க்க வேண்டும். பழத்தை ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டி, காதில் வைத்து, கண்ணை மூடிக்கொள்வார். மோட்டார் சத்தம் கேட்கிற மாதிரி.

"அண்ணா, தட்டாதீங்க, அது தேங்கா இல்ல!" என்று வண்டிக்காரர் கத்துவார்.

"ஸ்வல்ப இருப்பா" என்பார் பாதிக் கன்னடத்தில். "உள்ள லோடு சரியா இருக்கான்னு பாக்குறேன்."

பாதி வண்டியைத் தட்டி முடித்து, இரண்டு பழத்தோடு நேராக எங்கள் வீட்டுக்கு வருவார். தனி ஆள். என் பிள்ளைகள் யாழினியும் கவினும் அதற்குள் பேப்பர் விரித்து, கை கழுவி உட்கார்ந்திருப்பார்கள். நான் சோறு போட்டுக் கூப்பிட்டால் தொண்டை கிழிய வேண்டும். இவருக்கு மட்டும் இந்த மரியாதை.

கொண்டையை வெட்டி, தோலைக் கீறி, பழத்தைப் பிளந்து, முதுகில் கரண்டியால் தட்டுவார். முத்துகள் பொலபொலவென்று கொட்டும். கிண்ணம் நிறையும்வரை யாரும் தொடக் கூடாது. அப்புறம் ஒரு கை அள்ளி மொத்தமாக வாயில் போட வேண்டும். "ஒவ்வொண்ணா கொறிச்சா பழத்துக்கு அவமானம்" என்பது அவர் சட்டம். மூன்று பேர் கன்னமும் உப்பி, சாறு சட்டையில் வழியும். துவைக்கிறவள் நான். அதைப் பற்றி யாருக்குக் கவலை?

ஒரு ஞாயிறு வெட்டினார். உள்ளே முழுக்கக் கறுப்பு. இரண்டாவதும் அப்படியே. என் வாய் சும்மா இருக்குமா?

"காதுல வச்சீங்களே, அழுகிப் போயிட்டேன்னு அது சொல்லலையா?"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பேப்பரோடு சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிறு வரவில்லை. படியில் பார்த்துக் கேட்டால் "டியூட்டிம்மா" என்றார். லுங்கியோடு என்ன டியூட்டி? நானே பழம் வாங்கி உரித்து வைத்தேன். கவின் ஒவ்வொன்றாகக் கொறித்தான். யாழினி கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, "நீ கிண்டல் பண்ணதாலதான் மாமா வரல" என்றாள். ஒன்று வைக்கலாம் என்று கை வந்தது. அவள் சொன்னது உண்மை, அதனால் கையை இறக்கிக்கொண்டேன்.

மன்னிப்பு கேட்டு எனக்குப் பழக்கமில்லை. அதற்கடுத்த ஞாயிறு ஒரு பழத்தை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளோடு மாடி ஏறினேன். கதவைத் திறந்தவரிடம் நீட்டினேன்.

"அண்ணா, இதைக் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க."

என்னைப் பார்த்தார். பழத்தைப் பார்த்தார். உள்ளே போய் ஸ்க்ரூடிரைவர் எடுத்து வந்தார். தட்டினார். காதில் வைத்தார். ரொம்ப நேரம் கண்ணைத் திறக்கவில்லை.

"இது தேறாதும்மா."

வெட்டினால் ரத்தச் சிவப்பு. ஒரு முத்துகூடக் கெடவில்லை. நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அது பெரிய சாதனை. கவின்தான் கேட்டான்: "மாமா, உங்க காது ரிப்பேரா?"

"ஆமாடா. சர்வீஸுக்கு விடணும்" என்று சொல்லிப் பேப்பரை விரித்தார். அன்றைக்கு எனக்கும் ஒரு கை அள்ளிக் கொடுத்தார். மொத்தமாக வாயில் போட்டேன்.

போன மாதம் அவர் பொம்மனஹள்ளிப் பக்கம் வீடு மாறிப் போய்விட்டார். இப்போது ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்குவது நான்தான். தட்டிவிட்டுக் காதில் வைத்துப் பார்க்கிறேன். ஒரு மண்ணும் கேட்பதில்லை. இருந்தாலும் வண்டிக்காரர் கத்தும்வரை வைத்திருக்கிறேன்.