மோசமான நாவலை முடித்தே தீருபவர்

வாசகர்களில் பல இனம் உண்டு. படித்ததும் மறந்துவிடுகிறவர், படிக்காமலே பாராட்டுகிறவர், அலமாரி நிறைவதற்காக வாங்குகிறவர். இவர்களால் யாருக்கும் தொந்தரவு இல்லை. நான் சொல்ல வந்தது ஏமாந்த வாசகரைப் பற்றி. இவர் ஒரு நாவலை ஆசையோடு எடுப்பார். பத்தாம் பக்கத்திலேயே இது தேறாது என்று கண்டுபிடிப்பார். கண்டுபிடித்தவர் மூடி வைக்க வேண்டியதுதானே? மாட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு, பெருமூச்சு விட்டுக்கொண்டு, ஓரத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டுக்கொண்டு, கடைசிப் பக்கம்வரை போய்ச் சேர்ந்து, அதற்குப் பிறகு கண்ணில் பட்டவர்களையெல்லாம் நிறுத்தி வைத்துத் தான் ஏமாந்த கதையைச் சொல்வார். அந்தக் கதை நாவலைவிட நீளம்.

மயிலாப்பூர் ஸ்ரீனிவாசராகவன் இந்த இனத்துக்கு நல்ல மாதிரி. ரயில்வேயில் கால அட்டவணை போடும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். எதுவும் எப்போது கிளம்பியது, எப்போது போய்ச் சேர்ந்தது என்று கேட்காமல் அவரால் இருக்க முடியாது. பள்ளிக்கூட நாளில் கௌபாய் கதை என்றால் உயிர். அதனால்தான் அடையாறில் வாடகை நூலகம் நடத்தும் கமர் ஜஹான், “தமிழ்லயே புதுசா வந்திருக்கு சார். டெக்சாஸ் பாலைவனம், துப்பாக்கி, பேய், எல்லாம் உண்டு. எழுதினவர் நம்ம தி.நகர்காரர்” என்று ‘எலும்புக் குதிரை’யை நீட்டியபோது அவர் முகம் மலர்ந்துபோனது. அட்டையில் ஓர் எலும்புக்கூடு, தொப்பி போட்டுக்கொண்டு குதிரைமேல் உட்கார்ந்திருந்தது.

அன்று மாலையே வீட்டில் முணுமுணுப்பு ஆரம்பமாயிற்று.

“இவன் ஷெரிஃப், அந்த ஊர்ப் போலீஸ்காரன். சுட்டுக் கொன்னுட்டா. ஆவியா வந்துட்டான். செவுத்துக்குள்ள பூந்து போறான். அப்பறம் எதுக்கு மதுக்கடைக் கதவைத் தெறந்துண்டு உள்ள வரான்?”

மனைவி ஸ்ரீரஞ்சனி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். “நாலு பேர் இருக்கற எடம். மரியாதையா வருவோம்னு நெனச்சிருப்பான்.”

“பேயை ஓட்டறதுக்குப் பாதிரியார் எலுமிச்சம்பழம் அறுக்கறார். டெக்சாஸ்ல.”

“பிடிக்கலேன்னா மூடி வைங்கோளேன்.”

“மூடி வச்சா, அப்பறம் என்ன ஆச்சுன்னு எப்படித் தெரியும்?”

நாவல் முடிந்தது. நாகேஸ்வர ராவ் பூங்காவில் கூட நடக்கிறவர்களுக்கு, மருந்துக் கடைக்காரருக்கு, வாயில் கருவியை வைக்கும்வரை பல் வைத்தியருக்கு என்று எல்லோருக்கும் எலும்புக் குதிரையின் குற்றங்கள் சொல்லப்பட்டன. பேய்க்கு எதற்குக் குதிரை? குண்டு பாயாது என்று தெரிந்தும் ஓர் அத்தியாயம் முழுக்க எதற்குச் சுடுகிறார்கள்? சாயங்காலம் கிளம்பிய ரயில் கிளம்பிய நேரத்துக்கு முன்பே எப்படி வந்து சேர்ந்தது? இதன் பலன் என்ன தெரியுமா? அவ்வளவு மோசமாகவா இருக்கும் என்று பார்க்க ஆட்கள் வரிசை கட்டினார்கள். கமர் ஜஹான் கூடுதலாகச் சில பிரதிகள் வாங்கிப் போட்டதோடு, எழுதியவரையே நூலகத்துக்கு வரவழைத்து ஒரு வாசகர் கூட்டமும் ஏற்பாடு செய்துவிட்டார்.

எழுதியவன் மகேஷ். முப்பது வயது இருக்கும். அவன் அப்பா அய்யாதுரை திருநெல்வேலியிலிருந்து வந்து தி.நகரில் ஜவுளிக் கடை வைத்தவர். கூட்டத்தில் மகேஷ் கூச்சத்தோடு சொன்னான். “எழுதணும்னு அப்பாகிட்ட ஒரு வருஷம் கேட்டு வாங்கியிருக்கேன். ரெண்டாம் பாகம் பாதி ஆயிருக்கு. சரியா வரலேன்னா கடைல உக்காந்துருவேன்.”

இவ்வளவையும் கேட்ட பிறகாவது ஏமாந்த வாசகர் நாக்கை அடக்குவார் என்று நினைக்கிறீர்களா? ஸ்ரீனிவாசராகவன் எழுந்தார். கதவில் ஆரம்பித்தார். எலுமிச்சம்பழத்துக்கு எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு கேட்டதும் குரல் உயர்ந்தது. ரயிலுக்கு வந்தபோது பின்வரிசையில் கை தட்டினார்கள். கமர் ஜஹான் தேநீர் வந்துவிட்டது என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். ஸ்ரீனிவாசராகவன் உட்கார்ந்தபோது, வாழ்க்கையில் இவ்வளவு நன்றாகப் பேசியதே இல்லை என்ற திருப்தி அவர் முகத்தில் இருந்தது.

மகேஷ் மெதுவாகச் சொன்னான். “நீங்க சொன்னதெல்லாம் சரிதான் சார். எனக்கு இது வராது போல. ரெண்டாம் பாகம் எழுதலை.”

ஸ்ரீனிவாசராகவனுக்கு முதலில் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது. “எழுதலையா? அப்போ மார்த்தா?”

மார்த்தா அந்த ஷெரிஃபின் மனைவி. ஒரு முறையாவது வந்து பார்க்கிறேன் என்று அவன் ஆவி சொல்லிவிட்டுப் போக, அவள் வாசலில் லாந்தரைப் பிடித்துக்கொண்டு நிற்பதோடு முதல் பாகம் முடிகிறது.

“அவ்ளோதான் சார்” என்று சொல்லிவிட்டு மகேஷ் போய்விட்டான்.

கூட்டத்துக்குக் கூட வந்திருந்த ஸ்ரீரஞ்சனி, திரும்பி வரும்போது ஆட்டோவில் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினாள். “அந்தப் பிள்ளையோட மூஞ்சியப் பாத்தேளா?”

பார்க்கவில்லை. சிரித்தவர்களைத்தான் பார்த்திருந்தார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. பூங்காவில் யாராவது எலும்புக் குதிரையைப் பற்றிக் கேட்டால் நடையை வேகப்படுத்தினார். காப்பி குடிக்கும்போதெல்லாம் மார்த்தா லாந்தரோடு எதிரே வந்து நின்றாள். ஒரு வாரம் பொறுத்தார். பிறகு ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் இடிபட்டு, மிதிபட்டு, தி.நகரில் அய்யாதுரையின் ஜவுளிக் கடைக்குப் போய்ச் சேர்ந்தார்.

“வாங்கய்யா, உக்காருங்க” என்றார் அய்யாதுரை. “ஏல மகேசு, சாருக்குச் சேலை எடுத்துப் போடு.”

மகேஷ் அவரை அடையாளம் கண்டுகொண்டான். ஒரு நூல் சேலையைப் பிரித்துப் போட்டான்.

“சேலை வேண்டாம்ப்பா. மார்த்தா நின்னுண்டே இருக்காளே. அவன் வந்தானா?”

“வரமாட்டான்னுதான் வெச்சிருந்தேன் சார். இப்ப வந்தா என்ன, வராட்டி என்ன. நீங்கதானே மோசம்னு சொன்னீங்க?”

“மோசந்தான். அதுக்காக எழுதாம இருக்கலாமா?”

மகேஷுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டாவது சேலையைப் பிரித்தான். ஸ்ரீனிவாசராகவன் அதன் முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். “அன்னிக்கு ஒண்ணு சொல்லலை. புஸ்தகம் முழுக்கக் கேள்விக்குறி போட்டேன். மார்த்தா வாசல்ல நிக்கற எடத்துல பென்சிலைக் கீழ வச்சுட்டேன். என்னால ஒண்ணும் போட முடியலை. ரஞ்சனி பாத்துடப் போறாளேன்னு கண்ணாடியக் கழட்டித் தொடச்சுண்டேன்.”

மகேஷின் கை நின்றது. “இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார்.”

“எல்லாரும் சிரிச்சா. அந்த ருசில மறந்துட்டேன்.”

மகேஷ் சேலையின் மடிப்பை நீவிவிட்டபடி கேட்டான். “ரயில் நேரம் நிஜமாவே தப்பா சார்?”

“அதை நான் போட்டுத் தரேன். நீ மார்த்தாவைப் பாத்துக்கோ.”

இதற்குள் அய்யாதுரை வந்து, “பிடிச்சிருக்காய்யா? பில் போட்றலாமா?” என்று கேட்க, மறுக்க வழியில்லாமல் ஸ்ரீனிவாசராகவன் அந்தச் சேலையை வாங்கிக்கொண்டு வந்தார். ஸ்ரீரஞ்சனி அதைப் பிரித்துப் பார்த்து, நிறம் சகிக்கவில்லை என்றாள். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை அதைத்தான் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள்.

மகேஷ் கடையிலும் உட்கார்ந்தான், எழுதவும் எழுதினான். மத்தியானம் கூட்டம் குறையும் நேரத்தில் எழுதுவதை அய்யாதுரை கண்டும் காணாமல் விட்டுவிட்டார். இரண்டாம் பாகம் போன வருஷம் வந்தது. ரயில்களெல்லாம் சரியான நேரத்துக்கு ஓடின. ஸ்ரீனிவாசராகவன் அதைக் காலையில் எடுத்தார். சாப்பிடக் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை, பக்கத்தில் வைத்த காப்பி ஆடை கட்டிப்போனது. மாலையில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“எப்படி இருக்கு?” என்றாள் ஸ்ரீரஞ்சனி.

“ம். முதல் பாகம் அளவுக்கு இல்லை.”

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, எனக்குத் தெரியும். இந்தச் சித்திரம் மூன்றாம் பத்தியிலேயே உங்களுக்கு அலுத்துவிட்டது; பேய் வரும் என்று பார்த்தீர்கள், அதுவும் வரவில்லை. ஆனாலும் இந்த வரி வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறீர்கள். சரி, முதலில் யாரைக் கூப்பிட்டுச் சொல்லப் போகிறீர்கள்?