மறுமுனையாரும் என் பழைய பெட்டியும்

திண்டுக்கல்லில் எனக்கு எதிரி என்று ஒருவரும் கிடையாது. வயிற்றெரிச்சல் கொடுத்தவர் ஒருவர் உண்டு. அவர்தான் மறுமுனையார். அவரைப் பார்த்து நான் பொறாமைப்பட்ட அளவுக்கு இந்த உலகத்தில் எந்தப் புருஷனும், எந்த அப்பனும் இன்னொரு மனிதரைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்க மாட்டான்.

அவருடைய நிஜப் பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. டெலிபோன் லைன்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். எங்கே வயரைப் பார்த்தாலும், "இதுக்கு மறுமுனை எங்க இருக்கு?" என்று கேட்பார். கேட்டுவிட்டுச் சும்மாவும் இருக்க மாட்டார், அதன் பின்னாலேயே போவார். ஒருநாள் எங்கள் தெருக் கம்பத்தில் தொங்கிய கறுப்பு வயரை அண்ணாந்து பார்த்தபடியே நடந்தவர், நாலு தெரு தாண்டி பேகம்பூரில் யாரோ ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் போய் நின்றார். நியாயமாகத் திருடன் என்று பிடித்திருக்க வேண்டும். அவர்களோ உட்காரவைத்து பிரியாணி போட்டு அனுப்பினார்கள். முப்பது வருஷமாக அந்த வழியாகத்தான் நான் ஆபீஸ் போய் வந்தேன். ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்று என்னை யாரும் கேட்டதில்லை.

இன்னொரு தடவை, கல்யாண மண்டபத்தில் மைக் வயரின் முனையைத் தேடிப் போனவர் சமையல்கட்டில் போய் முடிந்தார். முதல் பந்திக்கு முன்பே அவருக்கு இலை விழுந்துவிட்டது. நாங்கள் மூன்றாம் பந்திக்கு ஆளுக்கொரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

இதெல்லாம் வெளியில் நடந்தவரைக்கும் பொறுத்துக்கொண்டேன். அவர் என் வீட்டுக்குள் வருகிறவரை தெருவுக்கே டெக்னிக்கல் ஆள் நான்தான். யாருடைய போன் ஹேங் ஆனாலும் என்னிடம் வரும். அணைத்து மறுபடி போட்டுக் கொடுப்பேன், கும்பிட்டுவிட்டுப் போவார்கள். தெருவில் முதன்முதலில் ரவுட்டர் வாங்கியவனும் நான்தான். வைஃபை வராத பெட்டி அது. பின்னால் வரிசையாக நாலு ஓட்டை, ஒவ்வொன்றிலும் வயர் செருக வேண்டும். அதை மேஜைமேல் வைத்து, தினமும் மஞ்சள் துணியால் துடைப்பேன்.

அப்போதுதான் என் மகள், சென்னைக் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்ப்பதாகச் சொல்லி வந்து சேர்ந்தாள். அவளுடைய மாடி அறைக்காக வைஃபை ரவுட்டர் ஒன்று வாங்கினேன். கீழே பழைய வயர் பெட்டி, மேலே புது வைஃபை பெட்டி. நடுவில் ஒரு வயரை இழுத்து நானே இரண்டையும் இணைத்தேன். டிவி வந்தால் லேப்டாப் வராது. லேப்டாப் வந்தால் என் போன் செத்துவிடும். வைஃபை அடையாளம் முழுசாக நிற்கும், உள்ளே ஒன்றும் வராது. மகள் வாயைத் திறந்தபடி திரையில் சிலையாக நின்றதை அவளுடைய மேனேஜர் ஒரே வாரத்தில் ஐந்து தடவை பார்த்துவிட்டார். ஒரு மாதம் பார்ப்பேன், இப்படியே கட்டானால் சென்னைக்கே வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

நாலு வருஷம் ஹாஸ்டல், மூன்று வருஷம் சென்னை என்று இருந்துவிட்டு வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்த பிள்ளை. அவளை மறுபடி பஸ் ஏற்றிவிட எனக்குத் தெம்பில்லை. தக்கவைக்கிற வித்தையும் தெரியவில்லை.

"ஏங்க, அந்த மறுமுனை அண்ணனைக் கூப்புடுவமா?" என்றாள் என் மனைவி.

"அவரு பழைய காலத்து ஆளு. வைஃபைல ஏது வயரு, ஏது முனை?"

"நீங்க வயரோட பட்ட பாடு போதும்."

வந்தார். கையில் ஒரு டார்ச், ஒரு நூல்கண்டு, பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிச் செய்த சீட்டுகள். அரை மணி நேரம் யாரிடமும் பேசாமல் ஒவ்வொரு வயராகப் பிடித்துப் போய் வந்தார். பிறகு எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"மாப்ள, தப்பு இம்புட்டுதேன்" என்றார். மனைவி அண்ணே என்று கூப்பிட்ட பாவத்துக்கு ஒரு காபி ஆறுவதற்குள் எனக்கு ஒரு மச்சான் முளைத்திருந்தார். "பந்தியில ஆளை உக்கார வைக்கிறவரு ஒருத்தருதேன் இருக்கணும். ரெண்டு பேரு நின்னு இலை காட்டுனா, ஒரே இலைக்கு ரெண்டு பேரு வந்து நிப்பாக. ஒங்க வீட்டுல ரெண்டு பெட்டியும் வர்றவுகளுக்கெல்லாம் நம்பர் குடுத்துக்கிட்டு இருக்கு. போதாக்குறைக்கு, ரெண்டு பெட்டியோட சொந்த நம்பரும் ஒண்ணாவே கெடக்கு. ஒண்ணு இலை காட்டட்டும். இன்னொண்ணு பரிமாறட்டும். அம்புட்டுதேன்."

எது காட்டும், எது பரிமாறும் என்று நான் கேட்கவில்லை. கேட்பதற்குள் என்னை வடை வாங்க அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மகள் திரையில் நன்றாக அசைந்து கொண்டிருந்தாள். "செம மாமா" என்றாள் அவரிடம். என்னிடம் அவள் கடைசியாக 'செம' சொன்னது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. மேஜையைப் பார்த்தேன். என் பழைய பெட்டி அங்கே இல்லை. பரணுக்குப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ரோஷம், விசாரிக்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் காலை பதினோரு மணிக்கு 'முனை பார்க்க' வருவார். காபி என் டம்ளரில் போகும். மிக்சி சத்தம் போட்டாலும், ஸ்கூட்டர் இருமினாலும், "மாமாகிட்ட கேப்போம்" என்பாள் மகள். ஞாயிற்றுக்கிழமை சோற்றுக்கு வெஞ்சனமாகக் கோலா உருண்டை செய்தால் அவருக்கு ஆறு, எனக்கு நாலு. எண்ணிப் பார்த்தேன். எண்ணாமல் இருக்க முடியவில்லை.

மேனேஜர் கொடுத்த மாதத்தின் கடைசி நாள் அது. மறுமுனையார் ஆத்தூரில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தார். அறைக்குள் மகள் மீட்டிங்கில் இருந்தாள். மாடிப்படி முடிகிற இடத்தில் இருந்த வைஃபை பெட்டியின் பக்கத்தில், ஒரு நீல வயரின் முனை அந்தரத்தில் தொங்குவதைப் பார்த்தேன். என் சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன். முனை பிடிக்கிற மகான் ஒரு முனையைக் கோட்டை விட்டுவிட்டார். பெட்டியில் காலியாக இருந்த ஓட்டையில் அதைச் செருகினேன்.

விளக்குகள் எல்லாம் ஒன்றாகக் கண்ணடித்தன. உள்ளேயிருந்து மகளின் குரல் வந்தது: "அப்பா, என்ன பண்ணுனீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலையே" என்று சொல்லிவிட்டு, பின்கட்டுக்கு ஓடி மறுமுனையாருக்குப் போன் போட்டேன்.

"கடைசியா எந்த முனையத் தொட்டீக, மாப்ள?"

"எதையும் தொடல மச்சான்."

அவர் குரலைத் தாழ்த்தி, "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார்.

"நீல வயரு" என்றேன் மெதுவாக.

"புடுங்கிருங்க. ரெண்டு பெட்டிக்கும் நடுவுல ஏற்கெனவே ஒரு வயரு போகுது. இன்னொண்ணும் போட்டா, ஒரு வழியா போனது மறு வழியா திரும்பி வந்து சுத்திக்கிட்டே கெடக்கும். வேற எதுவும் உள்ள நுழைய முடியாது."

எந்த இரண்டு பெட்டி என்று கேட்க நேரமில்லை, மாடிக்கு ஓடிப் பிடுங்கினேன். விளக்குகள் அடங்கின. நாலு நிமிஷம் போயிருந்தது. நல்லவேளை, அந்த நாலு நிமிஷமும் மேனேஜரே பேசிக்கொண்டிருந்தாராம். மகள் இல்லாததை அவர் கவனிக்கவே இல்லை. இனி திண்டுக்கல்லிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று சாயங்காலம் மெயில் வந்தது.

அதற்கு முன்பே மறுமுனையார் மகளிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, "தாயி, தப்பு என்னுதுதேன். ஒரு முனையச் சரியாக் கட்டாம வந்துட்டேன்" என்று சொல்லியிருந்தார். கெட்டிக்காரராக இருந்ததைக்கூட மன்னித்திருப்பேன். நல்லவராகவும் இருந்தால் என்ன செய்வது?

அவள் கீழே போனபின் அந்த நீல முனையை எடுத்துப் பார்த்தேன். அவசரத்தில் நான் கவனிக்காத சீட்டு ஒன்று கட்டியிருந்தது. 'வைஃபை நின்னா பாப்பா லேப்டாப்புக்கு மட்டும். மாப்ள தொடக் கூடாது.'

இதற்கு மறுமுனை எங்கே இருக்கிறது என்று வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கும் தோன்றியது. பிடித்துக்கொண்டே போனேன். ஜன்னல் மேலிருந்த ஓட்டை வழியாக இறங்கி, படிச் சுவரோடு போய், மீட்டர் போர்டுக்கு மேலே உயரத்தில் இருந்த பலகையில் முடிந்தது. ஸ்டூல் போட்டு ஏறினேன். அங்கே என் பழைய பெட்டி, என் மஞ்சள் துணியை விரித்து அதன்மேல் உட்காரவைக்கப்பட்டு, பளிச்சென்று மின்னிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து வருகிற லைன் அதில்தான் நுழைந்தது. வீட்டு வயர்கள் அத்தனையும் அதிலிருந்துதான் கிளம்பின. அதிலும் ஒரு சீட்டு: 'மாப்ள வாங்கின பெட்டி. இதுதேன் எல்லாருக்கும் இலை காட்டுறது. யாரும் மாத்தக் கூடாது.'

"அங்க ஏறி நின்னு என்ன பண்றீங்க? கண்ணு ஏன் கலங்கியிருக்கு?" என்றாள் மனைவி.

"தூசி" என்றேன்.

போன வருஷம் மறுமுனையார் மகனோடு இருக்க ஒட்டன்சத்திரம் போய்விட்டார். மகள் இன்னும் மாடியில்தான் வேலை பார்க்கிறாள். ஒட்டன்சத்திரத்தில் எந்த வீட்டில் பதினோரு மணிக்குக் காபி குடிக்கிறாரோ, அந்த வீட்டுக்காரனை நினைத்தால் எனக்கு இப்போது பொறாமையாக இருக்கிறது. நீல வயர் இன்னமும் அப்படியேதான் தொங்குகிறது. போன ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு மீட்டிங் கிடையாது. மாடியேறிப் போய் அதைச் செருகிவிட்டு, அவருக்குப் போன் போட்டேன்.